மறு: கன்ட்ரி சோஷியல் அனாலிசிஸ் – ‘எந்தச் சமூகம்?’ என்று கேட்க வைக்காத ஒரு சொல்

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கன்ட்ரி சோஷியல் அனாலிசிஸ் என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று போன கிழமை நான் கேட்டதற்கு மதுரை, யாழ்ப்பாணம், கொழும்பு, ரொறொன்ரோ என்று நாலு பக்கத்திலிருந்தும் மடல் வந்திருக்கிறது. உடனே பதில் எழுதவில்லை, மன்னிக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய சொற்களை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு இங்கே திருகோணமலையில் ஆட்களிடம் சொல்லிப் பார்த்தேன். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை செய்யும் இரண்டு பேர், கிண்ணியாவில் ஓர் ஆசிரியை, மூதூரில் ஒரு மீனவர் சங்கச் செயலாளர். விளக்கம் எதுவும் சொல்லாமல் சொல்லை மட்டும் சொல்லி, என்ன விளங்குகிறது என்று கேட்டேன். கலைச்சொல்லைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகப் பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். கன்ட்ரி சோஷியல் அனாலிசிஸ் என்பது 2000களின் முற்பகுதியில் உலக வங்கியின் சமூக அபிவிருத்திப் பிரிவினர் வளர்த்தெடுத்த ஆய்வு முறை. ஒரு நாட்டுக்கான உதவி உபாயத்தையும் கொள்கைச் சீர்திருத்தத்தையும் வகுக்கும்போது, அந்த நாட்டின் மக்கள் எப்படி வாழ்கிறார்கள், யாரிடம் என்ன இருக்கிறது, யார் சொல்வது நடக்கிறது என்பதை முன்கூட்டியே பார்ப்பது. அதற்கு இரண்டு கால்கள். ஒன்று: நிலம், தொழில், கல்வி போன்றவை இனம், சாதி, பால், பிரதேசம் என்ற கோடுகளின்படி எப்படிப் பங்குபட்டிருக்கின்றன. மற்றது: அதிகாரம், சட்டம், வழக்கம், அரச அலுவலகம் எல்லாம் சேர்ந்து அந்தப் பங்கீட்டை எப்படித் தாங்கிப் பிடிக்கின்றன. இரண்டாவது காலை வெட்டிவிட்டால் மிஞ்சுவது வெறும் புள்ளிவிபரம். மொழிபெயர்ப்பில் பெரும்பாலும் அதைத்தான் வெட்டிவிடுகிறோம் என்பது என் மனக்குறை.

இதைச் ‘சமூகத் தாக்க மதிப்பீடு’ என்று எழுதலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். முடியாது. அது கருத்திட்ட (புரொஜெக்ட்) அளவிலானது. ஒரு பாலம் போட்டால், ஒரு குளம் திருத்தினால் யாருக்கு என்ன நடக்கும் என்று பார்ப்பது. அதற்கு மேலே, ஒரு குறிப்பிட்ட சீர்திருத்தத்தால், உதாரணமாக உர மானியத்தை நிறுத்தினால், ஏழைகளுக்கு என்ன ஆகும் என்று பார்க்கும் வறுமை, சமூகத் தாக்கப் பகுப்பாய்வு இருக்கிறது. நாம் பேசுவது அதற்கும் மேலே. பாலமும் இல்லை, மானியமும் இல்லை, முழு நாடுதான் ஆய்வுப்பொருள்.

நேபாளத்தை எடுங்கள். உலக வங்கியும் பிரித்தானியாவின் சர்வதேச அபிவிருத்தித் திணைக்களமும் சேர்ந்து பால், சாதி, இன ஒதுக்கல் பற்றிச் செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. அங்கே 1854இல் இயற்றப்பட்ட முலுக்கி ஐன் என்ற சட்டக்கோவை முழு மக்களையும் ஒரே சாதிப் படிக்கட்டில் ஏற்றி வைத்தது. 1963இல் சட்டம் மாறியது, படிக்கட்டு மாறவில்லை. இன்று ஒரு தலித் பெண் பாடசாலைக் குழுவிலோ நீர்ப்பாசனக் குழுவிலோ வாய் திறக்காமல் இருப்பதற்குக் காரணம் அந்தக் கிராமத்தில் மட்டும் தேடிக் கிடைக்காது. ஹெயிட்டியைப் பற்றிய ஆய்வும் அதே 2006இல்தான் வந்தது. அரசு நொய்ந்து கிடக்க, அக்கம்பக்க உறவுகள் மட்டும் மக்களைத் தாங்கி நிற்பதை அது எடுத்துச் சொன்னது. உதவி எந்த வழியாகப் போக வேண்டும் என்ற முடிவையே மாற்றக்கூடிய அறிவு இது.

இனி, எனக்கு ஏன் இந்தச் சொல் இவ்வளவு முக்கியமானது என்று சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் நகரத்தில் ஒரு பயிற்சிப் பட்டறை. நான் மொழிபெயர்ப்பாளர். வெள்ளைத் தாளில் தடித்த பேனையால் ‘நாட்டுச் சமூகப் பகுப்பாய்வு’ என்று எழுதினேன். பின்வரிசையில் வெருகல் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா இருந்தார். ஐம்பது வயது இருக்கும். மடியில் கைப்பை, அதற்கு மேல் எங்கள் கையேடு, விரித்தபடி. அவர் கையைத் தூக்கி, “எந்தச் சமூகத்தைப் பற்றி, சேர்?” என்று கேட்டார்.

எனக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. எல்லாரையும் பற்றித்தான் அம்மா என்றேன். அவர் விடவில்லை. “தமிழ்ச் சமூகம், முஸ்லிம் சமூகம், சிங்களச் சமூகம் எண்டு மூண்டுதானே எழுதிறீங்கள். நாங்கள் பழங்குடி. படிவத்தில தமிழர் எண்டுதான் கிடக்கு. உங்கட ஆய்வில நாங்கள் எதுக்குள்ள வாறம்?”

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் நடுவிலுள்ள கரையோரத்தில் தமிழ் பேசும் வேடர் வழிவந்த மக்கள் இருப்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். 2012 குடிசன மதிப்பீட்டில் (சனத்தொகைக் கணக்கெடுப்பில்) அவர்கள் தமிழருக்குள் கரைந்துவிட்டார்கள். அந்த அம்மா கேட்டது சொல்லைப் பற்றிய கேள்வியும்தான், ஆய்வைப் பற்றிய கேள்வியும்தான். நான் எழுதிய சொல் அவருக்கு மூன்று பெட்டிகளைக் காட்டியிருக்கிறது, நான்காவது பெட்டி இல்லை. ஆய்வோ பெட்டிகளைத் திறந்து பார்க்கத்தான் வந்தது. அன்று சரியான பதில் என்னிடம் இருக்கவில்லை. அந்தத் தாளை இன்னும் சுருட்டி வைத்திருக்கிறேன்.

இந்த மாவட்டத்தில் மூன்று சமூகங்களும் இருக்கின்றன. 2012 குடிசன மதிப்பீட்டின்படி எந்த ஒன்றும் பாதியைத் தாண்டவில்லை. வீட்டுத்திட்டமோ, தண்ணீர்க் குழாயோ, தொழிற்பயிற்சியோ எது வந்தாலும் முதல் கேள்வி “எந்தச் சமூகத்துக்கு எத்தனை?” என்பதுதான். ஆகவே ‘சமூக’ என்று தொடங்கும் எந்த ஆய்வையும் இங்கே இன விகிதாசாரக் கணக்கு என்றுதான் எடுப்பார்கள். போதாக்குறைக்கு, “கூட்டத்துக்குச் சமூகமளிக்கவும்” என்று கடிதத்தில் எழுதுகிற நாடு இது. வருகை தருவதும் எங்களுக்குச் சமூகம்தான்.

சரி, வந்த சொற்களுக்கு வருவோம்.

> தேசியச் சமுதாயப் பகுப்பாய்வு

மதுரை ஐயாவின் பரிந்துரை. ஐயா, தமிழ்நாட்டில் ‘சமூகம்’ சாதிப்பெயரோடு ஒட்டிக்கொண்டதால் ‘சமுதாயம்’ தூய்மையாக இருக்கிறது என்கிறீர்கள். நியாயம். ஆனால் இங்கே நிலைமை தலைகீழ். ‘சமுதாயம்’ என்றால் ஊர்மட்டக் குழு. சமுதாய மருத்துவம், சமுதாய அடிப்படை அமைப்பு என்று எல்லாம் கீழ்மட்டத்துக்குப் போய்விடும். முழு நாட்டின் ஆய்வுக்கு அந்தச் சொல்லை வைத்தால் கிராமத்தைத்தான் நினைப்பார்கள். ‘தேசிய’ பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும். கச்சேரி நண்பர்கள் இருவருமே அதைக் கேட்டவுடன் “அரசாங்கம் செய்யிறதா?” என்றார்கள். எது தேசம், யார் தேசம் என்ற கேள்விக்காக இந்த மாவட்டம் என்ன விலை கொடுத்தது என்று நான் எழுதத் தேவையில்லை. ஓர் ஆய்வின் பெயரிலேயே அந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிடக் கூடாது.

> நாட்டுச் சமூகக் கூறாய்வு

ரொறொன்ரோ நண்பர் எழுதியது. இலங்கையில் பிரேத பரிசோதனை என்று சொல்வதால் எங்கள் காதில் ‘கூறாய்வு’ உறுத்தவில்லை. தமிழ்நாட்டு வாசகருக்கு உடற்கூறாய்வு நினைவு வரும். உயிரோடிருக்கும் ஒரு நாட்டுக்கு அது வேண்டாம்.

> நாடளாவிய சமூக ஆய்வு

கொழும்பு அக்காவின் சொல், வாசிக்க இதமாக இருக்கிறது. மூதூர்ச் செயலாளர் கேட்டதும் “சனத்தொகைக் கணக்கெடுப்பு மாதிரியோ?” என்றார். அகலத்தைத்தான் அது சொல்கிறது. நாடெங்கும் போய் எண்ணுவது வேறு, நாட்டை ஒரு முழுப் பொருளாக எடுத்து அதன் உள்விசைகளைப் பார்ப்பது வேறு.

> நாட்டுமட்டச் சமூகப் பகுப்பாய்வு

யாழ்ப்பாணத்துத் தம்பியின் சொல் பொருளுக்கு மிகக் கிட்ட வருகிறது. கிராம மட்டம், மாவட்ட மட்டம் என்று தினமும் எழுதுகிறோம், இங்கே தடையே இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் ‘மட்டமான’ என்றால் தரங்குறைந்தது. ‘உயர்மட்டக் குழு’ என்று அங்கேயும் எழுதுகிறார்கள்தான், ஆனாலும் தலைப்பில் வரும்போது உறுத்தும் என்று மதுரை ஐயாவே சொல்லியிருக்கிறார். ‘சமூக’ என்பதற்குத் தனித்தமிழாகக் ‘குமுகாய’ என்று தொடங்கியவற்றை நான் சோதிக்கவே இல்லை. என் வேலை நாளை காலை ஒரு பிரதேச செயலகத்தில் வாசிக்கப்பட வேண்டியது.

‘நாட்டு’ என்ற முன்னொட்டே ஒரு சிக்கல். கிண்ணியா ஆசிரியை ‘நாட்டுச் சமூகம்’ என்பதைக் கேட்டு, நாட்டுக்கோழி, நாட்டு மருந்து போல நம் ஊர்ப் பழைய சமூகம் என்று விளங்கிக்கொண்டார். குற்றம் அவருடையதல்ல. பேச்சில் ‘நாட்டு’ என்றதும் அதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

இங்கேதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. இந்தச் சொல்லை நாம் எப்போது எழுதுகிறோம்? பத்துக்கு ஒன்பது தடவை நாட்டின் பெயரோடு எழுதுகிறோம். நேபாளத்தின் ஆய்வு, ஹெயிட்டியின் ஆய்வு, இலங்கையின் ஆய்வு. ஆங்கிலத்திலுள்ள ‘கன்ட்ரி’ ஒரு வெற்றிடம்தான், அதில் நாட்டின் பெயர் வந்து உட்காரும். எனவே அந்த இடத்துக்குச் சொல் தேடி நாம் இத்தனை பாடுபட வேண்டியதில்லை. தலைச்சொல்லைச் சரியாக அமைத்துவிட்டால் முன்னே ‘இலங்கைச்’ என்றோ ‘நேபாளச்’ என்றோ போட்டுக்கொள்ளலாம். பெயரில்லாமல் பொதுவாக எழுதும்போது மட்டும் ‘ஒரு நாட்டின்’ என்று வேற்றுமை உருபோடு எழுதினால் நாட்டுக்கோழி வராது.

அப்படியானால் தலைச்சொல் என்ன? ‘பகுப்பாய்வு’ எனக்கு இங்கே நிறைவாக இல்லை. இலங்கையில் அந்தச் சொல்லைச் சனம் கேட்பது இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்தின் அறிக்கை நீதிமன்றத்துக்குப் போகும் செய்தியில்தான். துண்டு துண்டாகப் பிரிப்பது என்ற பொருள் நிற்கிறது. நமக்கு வேண்டியது, துண்டுகள் ஒன்றையொன்று எப்படித் தாங்கி நிற்கின்றன என்பது. ‘சமூக அமைப்பு ஆய்வு’ என்று எழுதலாம், ஆனால் இங்கே ‘அமைப்பு’ என்றால் சங்கம். ‘கட்டமைப்பு’ என்றால் வீதியும் மின்கம்பமும்.

மூதூர்ச் செயலாளரிடம் எல்லாச் சொல்லையும் சொல்லி முடித்தபிறகு, ஆய்வு என்னவென்று நான் ஒரு பத்து நிமிடம் விளக்கினேன். வலை காய்ந்துகொண்டிருந்த மணலில், தோணியின் நிழலில் இருந்து கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: “அப்ப, சனம் எப்பிடி அமைஞ்சிருக்கு எண்டு பாக்கிறதுதானே.” வீடு அமைவது, சம்பந்தம் அமைவது போல. யாரும் திட்டமிட்டுக் கட்டாமல், நாள்பட நாள்பட வந்து நிலைத்த ஒழுங்கு அது.

எனவே என் பரிந்துரை ‘சமூக அமைவாய்வு’. நாட்டின் பெயரோடு ‘இலங்கைச் சமூக அமைவாய்வு’. இங்கே ‘சமூக’ இருந்தாலும் அடுத்து ‘அமைவு’ வந்து அணைத்துக்கொள்வதால் ‘எந்தச் சமூகம்?’ என்ற கேள்வி எழாது என்று நம்புகிறேன். கிண்ணியா ஆசிரியையிடம் தொலைபேசியில் சொன்னேன். “சமூகம் அமைஞ்சிருக்கிற விதத்தை ஆய்றதா?” என்றார். அதுதான்.

இந்த அமைவைப் பார்க்காமல் ஒரு கொள்கை வந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் கரையிலிருந்து இரண்டைச் சொல்கிறேன். வரையறையில் உதாரணமாகச் சேர்க்க உதவும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடலோரத்தில் மீளக் கட்டக் கூடாது என்று வலயம் அறிவித்தார்கள். தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். ஒரே வரியில் ஒரு விதி. கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைக்காரருக்குக் கரை என்பது தொழிற்சாலை. வலை இழுக்கும் கரைப்பகுதியான பாடு யாருடையது, மீனவர் குடிலான வாடி எங்கே நிற்கும், காணி உறுதிப்பத்திரம் இல்லாமல் மூன்று தலைமுறை இருந்தவர் யார், காணி வைத்திருந்தும் பயன்படுத்தாதவர் யார் என்பதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் தெரியவில்லை. பிறகு விதியைத் தளர்த்தினார்கள். அதற்குள் பல குடும்பங்கள் கடலைப் பார்க்க முடியாத இடங்களுக்குப் போய்விட்டன.

இரண்டாவது எனக்கு இன்னும் நெஞ்சில் தைக்கிறது. கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுடையது. சண்டை வந்தால் வெளியே போவது ஆண்தான். அழிந்த வீட்டுக்குப் பதில் வீடு கொடுக்க வந்த படிவத்திலோ ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம். அதில் கணவன் பெயர். அப்படியே புதிய வீடு கணவன் பெயருக்குப் போனது. யாரும் பெண்ணிடமிருந்து வீட்டைப் பறிக்க நினைக்கவில்லை, ஒரு கட்டம் பறித்தது. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் கூட்டு உரிமை வேண்டும் என்று குரல் கொடுத்தது இதனால்தான்.

அந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் கிராமத்தில் விடை இல்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தைப் பாருங்கள். தனக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளியைப் பெயர் குறிப்பிடாமல் அரச காணி அனுமதிப்பத்திரக்காரர் இறந்தால் காணி யாருக்குப் போகும் என்ற வரிசையில் மகனுக்குப் பின்னால்தான் மகள் இருந்தாள். கந்தளாய்க் குடியேற்றத்தில் இப்படிப் பேமிற் (அனுமதிப்பத்திர) காணி வைத்திருந்த குடும்பங்களுக்கு இது கதையல்ல, வாழ்க்கை. 2022இல்தான் திருத்தம் வந்தது. வழக்கம் ஒன்று சொல்ல, சட்டம் வேறொன்று சொல்ல, படிவம் சட்டத்தின் பக்கம் நின்றது. மாவட்டத்தில் நின்று பார்த்தால் வழக்கம் தெரியும், கொழும்பில் நின்று பார்த்தால் சட்டம் தெரியும். இரண்டும் மோதும் இடத்தைக் காட்டுவதற்குத்தான் நாடு முழுவதையும் ஒன்றாகப் பார்க்கும் ஆய்வு.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து

* * *

மறு: மறு: சமூக அமைவாய்வு

மீண்டும் வணக்கம்.

> தம்பி, அரச கடிதங்களில் ‘சுற்றறிக்கைக்கு அமைவாக’ என்று ஒரு நாளைக்கு நூறு தடவை எழுதுகிறோம். ‘அமைவாய்வு’ என்றதும் விதிக்கு அமைவாக நடக்கிறார்களா என்று பார்க்கும் ஆய்வு என்று என் அலுவலகத்தில் நினைத்துவிடுவார்கள்.

கொழும்பு அக்கா, இது வலுவான தடை. நான் இதை யோசிக்கவே இல்லை. இரண்டு நாள் இதோடுதான் இருந்தேன்.

‘அமைவாக’ எப்போதும் நான்காம் வேற்றுமையோடு வருகிறது: சட்டத்துக்கு அமைவாக, சுற்றறிக்கைக்கு அமைவாக. ‘சமூக அமைவு’ என்பதில் அந்த ‘-க்கு’ இல்லை. ஆனாலும் இலக்கணம் சொல்லிக் காதை மாற்ற முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் ஒரு சிறு மாற்றம். தலைப்பிலும் முதல் தடவை வரும் இடத்திலும் ‘சமூக அமைவு ஆய்வு’ என்று பிரித்து எழுதுவோம். பழகிய பின் சேர்த்து எழுதலாம். பிரித்து எழுதிய வடிவத்தைக் கச்சேரி நண்பர்களிடம் காட்டினேன். ஒருவர் சரியாக விளங்கிக்கொண்டார். மற்றவர் ‘சமூகங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற வரைபடமா?’ என்று கேட்டார். ‘அமைவிடம்’ அவர் மனதில் இருந்திருக்கிறது. முழுத் தோல்வி இல்லை, ஆனால் முதல் தடவை ஒரு வரி விளக்கம் கூடவே வர வேண்டும் என்று தெரிகிறது.

வரையறை வரைவு:

சமூக அமைவு ஆய்வு: ஒரு நாட்டின் வளங்களும் வாய்ப்புகளும் அதன் மக்கள் பிரிவுகளுக்கிடையே எவ்வாறு பங்குபட்டுள்ளன, அப்பங்கீட்டை எந்த அதிகாரமும் சட்டமும் வழக்கமும் நிலைநிறுத்துகின்றன என்பதை, அந்நாட்டின் கொள்கைகளையும் நிகழ்ச்சித்திட்டங்களையும் வகுப்பதற்கு உதவும் வகையில் ஆராய்தல்.

‘நிகழ்ச்சித்திட்டம்’ என்பதைப் பார்த்து மதுரை ஐயா முகம் சுழிக்கலாம், விழா நிகழ்ச்சிநிரல் போல இருக்கிறதே என்று. ஆனால் பிளான், புரொஜெக்ட், புரோகிராம் மூன்றையும் தமிழ்நாட்டில் ‘திட்டம்’ என்ற ஒரே சொல்லால் எழுதுகிறீர்கள். எங்களிடம் திட்டம், கருத்திட்டம், நிகழ்ச்சித்திட்டம் என்று மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன. இந்த வரையறையில் அந்த வேறுபாடு தேவை. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்திய விபுலானந்த அடிகள்தான் 1936இல் சென்னையில் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இரு கரையும் உட்கார்ந்து பேசி ஒரு சொல்லுக்கு வருவது நமக்குப் புதிதல்ல. நீங்கள் இதைவிட நல்லதைத் தந்தால் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த வெருகல் அம்மாவின் கைப்பேசி இலக்கத்தைப் பட்டறை ஏற்பாட்டாளரிடம் கேட்டு வாங்கினேன். நேற்றுப் பின்னேரம் பேசினேன். புதிய சொல்லைச் சொன்னேன், வரையறையை மெல்ல வாசித்தேன். ‘மக்கள் பிரிவுகள்’ என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். அந்தப் பிரிவுகளை யார் பிரிப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. “மக்கள் தம்மை எவ்வாறு அடையாளப்படுத்துகிறார்களோ அவ்வாறே எடுத்துக்கொண்டு” என்று ஒரு தொடர் சேர்த்தால் போதுமா என்று கேட்டேன். போதும், ஆனால் படிவத்திலும் அதைப் போட வேண்டும் என்றார். வரைவில் சேர்த்துவிட்டேன். படிவம் என் கையில் இல்லை. பட்டறை நடத்தியவர்களுக்கு எழுதியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. வரையறையில் ‘அதிகாரமும் சட்டமும் வழக்கமும்’ என்று மூன்று சொல்லால் நான் சுற்றி வளைத்தது, இன்ஸ்டிடியூஷன் என்பதற்குச் சொல் இல்லாததால். ‘நிறுவனம்’ என்று எழுதினால் மூதூர்ச் செயலாளர் வங்கியை நினைப்பார். பெண்ணுக்கு வீடு கொடுப்பதும் அந்தப் பொருளில் ஓர் இன்ஸ்டிடியூஷன்தான், கரைவலைப் பாடு முறையும் அப்படித்தான், 1935ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான். ‘வழக்காறு’ என்றால் சட்டம் வெளியே போய்விடுகிறது. ‘நெறிமுறை’ என்றால் ஒழுக்கப் பாடம் போல இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தம்பி, நீங்கள் அரசறிவியல் படிப்பிப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து